தலைவரின் டேனிஷ் குரல்

வளருகிற ஊருக்குத் திடீரென்று பழசு தேவைப்படும். டேனிஷ் ஊரான ஹேர்னிங்குக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு காலத்தில் மணலும் புதரும் தவிர வேறொன்றும் இல்லாத வெளி. இப்போது கண்காட்சி மண்டபங்கள், விளையாட்டரங்கு, அடுத்ததாகச் சூதாட்ட மேசைகளோடு ஒரு பெரிய ஹோட்டல் வரப்போகிறதாம் என்று பேச்சு. இதையெல்லாம் கட்டிய பிறகுதான், இங்கே முன்பிருந்தே இருப்பவர்களின் குரலைப் பதிந்து வைக்கவேண்டும் என்ற யோசனை யாருக்கோ வந்தது. தமிழர்களும் இருபது வருசத்துக்கு மேலாக இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரையும் சேர்ப்போம் என்றார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞானரட்ணம்தான். தமிழ்ச் சங்கத்தின் தலைவர், இயக்கத்துக்கு இங்கே எல்லாமாய் இருந்தவர்.

மொழிபெயர்க்க மனோரஞ்சிதத்தைக் கூப்பிட்டார்கள். தையல் தொழிற்சாலையில் டேனிஷ் பெண்களுக்கு நடுவில் இருந்து, அவர்களோடு சிரித்தும் சண்டை பிடித்தும் மொழியைப் பிடித்தவள் அவள். ஞானரட்ணத்துக்கு நன்றி சொல்ல "தக்" தெரியும், வணக்கம் சொல்ல "ஹை" தெரியும். தமிழருக்குள்ளேயே தலைவராக இருந்து தமிழருக்குள்ளேயே மாலை வாங்குகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு?

அது இரண்டாயிரத்து ஒன்பது ஜூன். ஊரில் சண்டை முடிந்து ஒரு மாதம்தான். மனோரஞ்சிதத்தின் தங்கச்சி குடும்பம் முகாமில் இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாது. அவள் நித்திரையில்லாத கண்ணோடு பதிவுக்கு வந்து இறங்கியபோது, ஞானரட்ணம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்றார். அவருடைய காரின் பின்கண்ணாடியில் பல வருசமாக ஒட்டியிருந்த இயக்கத் தலைவரின் படத்தைச் சுரண்டி எடுத்திருந்தார். பசை மட்டும் நாலு மூலையிலும் நின்றது.

பதிகிற பெண் கிர்ஸ்தன், ஒலிவாங்கியை நடுவில் வைத்தாள்.

"நான் எப்பவும் சமாதானத்தை விரும்பின ஆள் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்று தொடங்கினார் ஞானரட்ணம். "அரசியல் எனக்குத் தெரியாது. சனத்துக்குச் சேவை செய்தன், அவ்வளவுதான்."

பொய்யையும் பிசகாமல் பெயர்ப்பதுதான் அந்த வேலை. "நான் எப்போதும் சமாதானத்தை விரும்பியவன்," என்று மனோரஞ்சிதம் டேனிஷில் சொன்னாள். அந்த "நான்" வாய்க்குள் புளித்தது. முந்தின மாசம்வரை கலியாண வீட்டில் பாட்டுப் போடவும் இந்த மனுசனிடம் அனுமதி கேட்கவேண்டி இருந்தது.

இந்த ஊருக்கு முதன்முதல் வந்த தமிழன் தான்தான் என்றார். அவருக்கு முன்பே வந்த மனோரஞ்சிதம் பக்கத்தில் இருந்தாள். அதையும் பெயர்த்தாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜெயசிங்கம் எண்டு ஒரு அருமையான மனுசன் இருந்தவர். எனக்கு வலது கை மாதிரி. அவர் செத்தண்டு நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனான்." சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எப்பிடி? உங்கட மனுசனையும் சேர்த்துவிட்டன்."

ஜெயசிங்கம் அவளுடைய புருசன். ஒரு கூட்டத்தில் எழும்பி, "மற்றவையின்ர பிள்ளையளைச் சண்டைக்கு அனுப்பச் சொல்லுறியளே, உங்கட பிள்ளையை அனுப்புவியளோ?" என்று ஞானரட்ணத்தைக் கேட்ட ஒரேயொரு ஆள். அடுத்த நாளே துரோகி ஆகிவிட்டார். அவருடைய வீட்டுப்படியை ஒருவரும் மிதிக்கவில்லை. பல வருசத்துக்கு முந்தி அவர் நெஞ்சுவலியில் செத்தபோது, சேர்ச் வாசலுக்கு எதிரே தன் காரை நிறுத்திவிட்டு, யார் யார் உள்ளே போகிறார்கள் என்று ஞானரட்ணம் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த கார்கள் அந்தக் காரைக் கண்டதும் திரும்பிப் போயின. பெட்டியைத் தூக்க ஆள் காணாமல் தொழிற்சாலை டேனிஷ்காரர்கள்தான் தோள் கொடுத்தார்கள்.

மனோரஞ்சிதம் ஞானரட்ணம் சொன்னதை முதலில் அப்படியே பெயர்த்தாள். பிறகு ஒலிவாங்கியைப் பார்த்து டேனிஷில் சொன்னாள்: "அவர் பேசியது முடிந்தது. இனிப் பேசுவது நான். ஜெயசிங்கத்தின் மனைவி." நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள்.

கிர்ஸ்தன் திகைத்துப்போய், அவரைப் பார்த்தாள். ஞானரட்ணம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, நான் ரெண்டு வசனம்தானே சொன்னனான்? நீங்கள் நீட்டி முழக்கிறியள்."

"டேனிஷில கொஞ்சம் நீளமாத்தான் வரும், தலைவர்."

"ஓமோம். நல்லா விளங்கப்படுத்துங்கோ," என்றார் திருப்தியாக.

அவர் வெளியே போனதும் கிர்ஸ்தன் கேட்டாள், "இதை வெட்டவா?"

"வேண்டாம். அவர் சொன்னதும் இருக்கட்டும், நான் சொன்னதும் இருக்கட்டும்."

இலையுதிர்காலத்தில், பதிந்த குரல்களை வைத்துக் கண்காட்சி திறந்தார்கள். ஞானரட்ணம் குடும்பத்தோடு வந்து, தன் படத்துக்குக் கீழே தொங்கிய ஹெட்போனை வருகிறவர்களுடைய காதிலெல்லாம் தன் கையாலேயே மாட்டிவிட்டார். வயதான டேனிஷ்காரர் ஒருவர் கேட்டு முடித்து, அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கை கொடுக்காமலே போனார். "சரியாக் கவலைப்பட்டிட்டார் போல," என்றார் ஞானரட்ணம்.

அவருடைய மகள் சுபாஜினி இங்கே பிறந்தவள். கடைசியாக அவளும் ஹெட்போனைப் போட்டுக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராக மனோரஞ்சிதத்திடம் வந்து, டேனிஷில், "அன்ரி, இது உண்மையா?" என்றாள்.

"உண்மை."

சுபாஜினி சொன்னாள், "அந்தக் காருக்குள் நானும் இருந்தேன். பின் சீட்டில். யாரையோ ஏற்றப் போகிறோம் என்றுதான் நினைத்தேன்."

மனோரஞ்சிதம் இதை எதிர்பார்க்கவில்லை. அத்தனை வருசமாக அந்தக் காரை நினைத்து நினைத்து வெறுத்தவள், அதற்குள் ஒரு சின்னப்பிள்ளை இருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. பிள்ளையின் கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் ஞானரட்ணம், "சுபா, இவைக்கு அப்பா சொன்னதை டேனிஷில விளங்கப்படுத்தம்மா!" என்று கூப்பிட்டார். சுபாஜினி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அன்றைக்கே வீட்டில் சுபாஜினி அவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியிருப்பாள் போல. மறுநாள் கிர்ஸ்தனிடம் ஓடிப்போய், ஹெட்போனைக் காட்டிக் காட்டி, இல்லை இல்லை என்பதற்கு டேனிஷில் "நை, நை" என்று கத்தினாராம். முறைப்பாடு இருந்தால் மொழிபெயர்ப்பாளரோடு வாருங்கள் என்று அவள் மரியாதையாகச் சைகை காட்டி அனுப்பிவிட்டாள். மகள் வர மறுத்துவிட்டாள். டேனிஷ் தெரிந்த மற்றவர்களுக்கு விசயத்தைச் சொல்லிக் கூட்டிக்கொண்டுபோக வெட்கம். கடைசியில் அவர் ரெலிபோன் எடுத்தது மனோரஞ்சிதத்துக்கு.

"அக்கா, முடிஞ்ச கதையை ஏன் கிண்டுவான்? ஒருக்கா வந்து அழிக்கச் சொல்லுங்கோ."

"வாறன் தலைவர். நீங்கள் என்ன சொன்னாலும் அப்பிடியே சொல்லுறன். அதுக்குப் பிறகு என்ர பங்கையும் சொல்லுவன்."

அவர் ரெலிபோனை வைத்துவிட்டார். பதிவு இருந்தபடியே இருந்தது. தைப்பொங்கலுக்குச் சங்கம் வேறொருவரைத் தலைவராக்கியது. காரணம் கேட்டால், ஞானரட்ணத்துக்கு உடம்பு சரியில்லையாம்.

அன்று சேர்ச் வாசலில் காரைத் திருப்பிக்கொண்டு போனவர்களில் இரண்டு பேர் பிறகு மனோரஞ்சிதத்தின் வீடு தேடி வந்தார்கள். பதிவைக் கேட்டோம், குரல் நல்ல தெளிவாக இருக்கிறது என்றார்கள். அன்று திரும்பிப் போனதைத் தொடாமல், மறுபடியும் குரலையே புகழ்ந்தார்கள். அவள் கதவடியில் நின்றபடியே அதைக் கேட்டுக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவுமில்லை, தேத்தண்ணி கொடுக்கவுமில்லை.