நிதீஷ் மாட்டிய குழாய்

மோகன்குமார் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்றுப்போக ஆசைப்பட்டான். ஆசைப்பட்டு என்ன செய்ய? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தம்பி நிதீஷ் போன ஐப்பசியில் டெங்குவில் போய்விட்டான். அவன் விட்டுப்போன பழைய காரைத்தான் சின்னியம்பாளையத்து ஷெட்டில் உருளைகள்மேல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எஞ்சின் எத்தனை எச்.பி. சக்தி தருகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் கம்பெனி டப்பாவைக் கழற்றிவிட்டு, தோட்டத்தில் மிஞ்சிய தண்ணீர்க் குழாயை வளைத்து நிதீஷ் தானே ஒன்று செய்து மாட்டியிருந்தான். காரமடை ரோட்டில் ஓட்டிப் பார்த்தானாம், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒன்றரை செகண்ட் குறைந்ததாம்.

"நீ ஒருக்கா வந்து வாட்ச் புடிண்ணா, அப்பறம் சொல்லு," என்று அண்ணனைக் கூப்பிட்டான். போயிருந்தால் காலா தேய்ந்திருக்கும்? போகவில்லை. அதோடு விட்டானா? பங்காளி வீட்டுக் காதுகுத்து விருந்தில், "என்ற தம்பி காருக்குச் சொட்டுநீர் போட்டிருக்கானுங்க," என்றான். பந்தியே சிரித்தது. நிதீஷ் பாதி இலையில் எழுந்துபோனான். அப்புறம் அண்ணனோடு பேசவேயில்லை.

குழாய் நல்லதுதான் என்று மெஷின் சொல்லிவிட்டால், தம்பி படத்துக்கு முன்னால் நின்று ஒத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பாடு.

மெஷினை ஓட்டிய கலீல் ரஹ்மான் குழாயோடு மூன்று தடவை, டப்பாவோடு மூன்று தடவை பார்த்தார்.

"குழாய்ல நாலு எச்.பி. கம்மிங்க. எஞ்சின் சூட்டுக்காத்தையே இழுக்குது. சத்தந்தான் பெருசு."

"அவன் ஓட்டுனப்ப வேகம் வந்துச்சுன்னானுங்களே?"

"எப்ப ஓட்டுனாருங்க?"

நிதீஷ் அனுப்பிய வீடியோக்கள் போனில் இருந்தன. டப்பாவோடு ஓட்டியது மத்தியானம், கொளுத்தும் வெயில். குழாயோடு ஓட்டியது விடியற்காலை, பனி.

"குளுந்த காத்துல எந்த வண்டியும் நல்லாத்தானுங்க இழுக்கும். கூட ஒரு ஆள் நின்னிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க," என்றார் கலீல். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கூப்பிட்டும் போகாத ஆள் மோகன்குமார்தான்.

குழாயையே திரும்ப மாட்டச் சொல்லி, காரைத் தம்பி வீட்டுக்கு ஓட்டிப்போனான். நிதீஷின் மனைவி ரித்திகா கேட்டருகில் நின்றிருந்தாள்.

"என்னங்க மாமா வந்துச்சு?"

"அஞ்சு எச்.பி. கூட வந்துச்சு அம்மணி. அவன் சொன்னதுதான் சரி."

பாவி, செத்தவனுக்கு ஒரு பொய்யாவது கொடுக்கலாம் என்று நினைத்தான். ரித்திகா சாவியை வாங்கிக்கொண்டு காரையே பார்த்தாள்.

"இல்லீங்க மாமா. அந்த விருந்துக்கப்பறம் ஒரே காலைல ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தோம். டப்பாதான் வேகம். நாந்தான் வாட்ச் புடிச்சேன்."

"அப்பவே என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல அவன்?"

"சொல்லோணும்னு போனை எடுப்பாருங்க. நீங்க மறுக்காச் சிரிச்சுப்போடுவீங்கன்னு வெச்சுப்போடுவாரு."