விட்ட இடம்

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளாது. எந்தக் கட்டிடத்தின் உச்சியில் கிரீஸும் கையுமாக நின்றாலும், மனசு வீட்டு ஹாலில் டிவி மேசைக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியையே சுற்றிக்கொண்டிருக்கும். ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாமென்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் அது. அதற்குள் பெரிய ஹார்ட் டிஸ்க்கைத் திணித்து, படங்களையும் தொடர்களையும் நிரப்பி, டிவி, போன், டேப்லெட் என்று வீட்டில் எதில் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி செய்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். பெட்டி எப்போதோ தயார். அதை நடத்தப்போகும் சாஃப்ட்வேர் எது என்பதில்தான் மாதக்கணக்காக இழுபறி.

யாருக்காக இத்தனை பாடு என்றால், சுண்டுவுக்காக. சுண்டு அவன் மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த மகள். பன்னிரண்டு வயது. வாரநாட்களில் தன் அப்பாவோடு இருப்பாள். அவர் நகரின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வெள்ளி மாலை இங்கே வந்தால் ஞாயிறு மாலை திரும்பிப் போவாள். இந்த ஏற்பாடு பள்ளி ஆண்டு முடியும்வரைதான். அதற்குப் பிறகு வாராவாரம் வருவதா, எப்போதாவது தலையைக் காட்டிவிட்டுப் போவதா என்பதை அவளே சொல்லட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து மெக்கானிக் மீதமிருக்கும் வெள்ளிக்கிழமைகளை எண்ண ஆரம்பித்தான். மனைவி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"அவங்க அப்பா வீட்ல எல்லா ரூம்லயும் படம் ஓடுதாம்" என்று ஒருநாள் போகிற போக்கில் மட்டும் சொன்னாள். அவ்வளவுதான், மனிதன் அதையே பிடித்துக்கொண்டான்.

முதலில் போட்ட சாஃப்ட்வேருக்கு அவன் வைத்த பெயர் மாப்பிள்ளை. பார்க்க லட்சணம். போஸ்டர்களைத் தானே தேடிப் பிடித்து அடுக்கி, நடிகர்களின் பெயர்வரை எடுத்து நீட்டியது. ஆனால் உள்ளே நுழையும்போதே கணக்கு திற, மின்னஞ்சல் கொடு, கூடுதல் வசதிக்குச் சந்தா கட்டு என்று ஒரே பிடுங்கல். 'என் வீட்டுப் படத்தை என் வீட்டு டிவியில பாக்க எவன்கிட்டயோ அனுமதி வாங்கணுமா?' என்று ரோஷம் பொத்துக்கொண்டு வர, அதைத் தூக்கி எறிந்தான். இரண்டாவது, சாமியார். காசு கேட்காது, கணக்கு கேட்காது, வீட்டைவிட்டு ஒரு தகவல் வெளியே போகாது. ஆனால் எதையும் கேட்காத அது, எதையும் சொல்லவும் சொல்லாது. படம் நின்றால் ஏன் நின்றது என்று நாம்தான் தவமிருந்து கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது, குமாஸ்தா. போஸ்டரும் கிடையாது, மண்ணும் கிடையாது. கோப்பின் பெயரைக் காட்டும், தட்டினால் ஓடும். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டால், அது என் பிரிவு இல்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஒரு வாரம் சாமியார், மறுவாரம் குமாஸ்தா, அடுத்த வாரம் மனசு கேட்காமல் மறுபடி சாமியார். சுண்டு பையை இறக்கி வைத்துச் செருப்பைக் கழற்றுவதற்குள் ரிமோட்டை நீட்டுவான்.

"இந்த வாரம் புதுசு. போன வாரத்தைவிட வேகம்."

"பரவால்ல" என்பாள் சுண்டு. காபி வேண்டுமா என்று கேட்டால் விருந்தாளி சொல்வார்களே, அந்தப் பரவால்ல. அவனை என்னவென்று கூப்பிடுவது என்பதும் அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. 'நீங்க' என்று தொடங்கி 'நீங்க' என்றே முடித்துக்கொள்வாள்.

அவள் பார்ப்பது ஒரே தொடர்தான். ஆழ்கடலை ஆராயப் போய் வழிதவறிய ஒரு கப்பலின் கதை. சீசன் சீசனாக நீண்டுகொண்டே போகும். மெக்கானிக்கும் சோஃபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருப்பான். கதைக்காக இல்லை, படம் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்கத்தான். அப்படியும் சில நேரம் கதை இழுத்துவிடும்.

"இந்தத் தாடிக்காரன் நல்லவனா, கெட்டவனா?"

"பாருங்க, தெரியும்."

தெரிவதற்குள் போன் அடிக்கும். எங்கேயோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவான். திரும்பி வந்ததும் வாசலிலிருந்தே கேட்பான்: "நிக்காம ஓடிச்சா?" தாடிக்காரன் என்ன ஆனான் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அவள் மணிக்கட்டைக் கவனித்தான். உள்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் மேலும் கீழுமாக இரண்டு வரி. மேலே 5-3. கீழே 4-9. அவன் மனைவிக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. நாள் முழுக்க கைகளைப் பார்ப்பவள். அவளும் கேட்டாள்: "என்னடி கையில கிறுக்கி வெச்சிருக்க?"

"சும்மாம்மா."

அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது குமாஸ்தா. அதற்கு ஞாபகசக்தி என்ற ஒன்றே கிடையாது. அதனால் மெக்கானிக், "எங்க விட்டோம்?" என்றான். சுண்டு மணிக்கட்டை லேசாகத் திருப்பிப் பார்த்தாள். ரிமோட்டால் நான்காவது சீசனுக்கு இறங்கி, ஒன்பதாவது பகுதியில் நிறுத்தி, தட்டினாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. மேலே இருப்பது அப்பா வீட்டில் விட்ட இடம், கீழே இருப்பது இங்கே விட்ட இடம். ஐந்தாவது சீசன்வரை போய்விட்ட பிள்ளை, இந்த வீட்டுக்கு வந்தால் பின்னால் நடக்க வேண்டியிருக்கிறது. அவன் வாராவாரம் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றி எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருக்க, அவள் தன் கைத்தோலில் கணக்கு வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. பெட்டியைப் பற்றியே யோசிப்பவனுக்கு எல்லாமே பெட்டியின் கோளாறுதான்.

வெட்கம் வந்தால் சும்மா இருப்பானா? உடனே சரிசெய்தாக வேண்டும். ஒன்பதாவது பகுதி பாதி ஓடிக்கொண்டிருந்தபோதே, "ரெண்டே நிமிஷம்" என்று சாமியாரை மறுபடி ஏற்ற ஆரம்பித்தான். சாமியார் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் டிவியில் படம் வந்தது, ஒலி வரவில்லை. ஒலி வந்தபோது படம் உறைந்தது. போனில் அருமையாக ஓடியது. டிவியில் வட்டம் சுற்றியது. மேசைக்கு அடியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படுத்துக் கிடந்தான். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "இதோ" என்றான். சாப்பாடு ஆறியது. அவன் வராமல் இவர்களும் உட்காரவில்லை. சுண்டு சோஃபாவில் கால்களை மடக்கிக்கொண்டு, மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, நான் இன்னிக்கே கிளம்பட்டுமா?"

கண்ணாடிக்கடைக்காரர் மாலையே வந்து அழைத்துப் போனார். மனைவி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டியது. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னா தெரியுமா? 'நான் வந்தாலே அவர் வேலையா இருக்காரும்மா. நான் வராட்டி நிம்மதியா படுத்துத் தூங்குவாரில்ல'ன்னா."

"நான் அவளுக்காகத்தானே..."

"அதத்தாங்க அவளும் சொல்றா."

அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூன்று சாஃப்ட்வேரில் எது நல்லது என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டானே, அவள் அங்கே எதில் பார்க்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டானா? போனை எடுத்தான். அவனுக்கும் கண்ணாடிக்கடைக்காரருக்கும் இதுவரை நடந்த பேச்சுவார்த்தையெல்லாம் 'கீழ நிக்கிறேன்', 'அனுப்பறேன்', அவ்வளவுதான்.

"சார், நான்தான்."

"சுண்டுவுக்கு என்னாச்சு?" என்றார் அவர் பதறி.

"அவ உங்க வீட்லதானே இருக்கா."

"ஆமால்ல. சொல்லுங்க."

"உங்க வீட்ல படம் பாக்க எந்த சாஃப்ட்வேர் போட்டிருக்கீங்க?"

"சாஃப்ட்வேரா?" என்றார் அவர். குடும்ப விஷயம் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும். பிறகு பெயரைச் சொன்னார். மாப்பிள்ளையேதான்.

"வாங்கின அன்னிக்குப் போட்டது. எதையும் தொடறதில்ல சார், அப்படியே கிடக்கு."

அப்படியே கிடக்கு. மெக்கானிக் மேசைக்கு அடியில் கிடந்த தன் பெட்டியைப் பார்த்தான்.

"சார், உங்க பொட்டியையே எங்க வீட்டு டிவியிலயும் வர்ற மாதிரி பண்ணிக்கலாமா? அவ எங்க இருந்தாலும் விட்ட இடத்துலேர்ந்து பாக்கலாம். ஒரே பொட்டி போதும்."

"பண்ணலாம்... உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"பரவால்ல சார்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் உள்பக்கம் அவனுக்குத் தெரிந்தது. வலிக்கிற இடத்தில்தான் அதைச் சொல்கிறார்கள்.

அந்த வாரம் இருவரும் நான்கைந்து தடவை போனில் பேசினார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு ரவுட்டர் எது, சுவிட்ச்போர்டு எது என்றே தெரியவில்லை. "பச்சை லைட்டா, ஆரஞ்சு லைட்டா சார்?" என்று இவன் கேட்க, "ரெண்டும் மினுக்குது சார்" என்று அவர் பாவமாகச் சொல்ல, ஒருவழியாக இணைப்பு கிடைத்தது. படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்ததும் தடங்கல் இல்லாமல் ஓடியது. மெக்கானிக் கறுப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, சுற்றி, பரண்மேல் வைத்தான். டிவியைப் போட்டால் மேல் மூலையில் 'அப்பா வீடு' என்று எழுத்து வந்தது. அந்தப் பெட்டிக்கு அங்கே வைத்த பெயர். தன் ஹாலில், தான் வாங்கிய டிவியில் அதைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு காந்தியது.

மனைவி அதை வாசித்துவிட்டு அவனைப் பார்த்தாள். "உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" குரலில் பாதி சிரிப்பு, கண்ணில் பாதி தண்ணீர்.

"இருக்கு. என்ன பண்றது? உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்குக் கதவு திறந்தா சரி. யாரு திறந்தான்னு பாக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை சுண்டு வந்தாள். இந்த முறை ரிமோட்டை யாரும் நீட்டவில்லை. அது சோஃபாவில் கிடந்தது. அவளே எடுத்தாள். திரையில் அவள் படம், அவள் பெயர், ஐந்தாவது சீசன், எட்டாவது பகுதி, நேற்று அப்பா வீட்டில் நிறுத்திய அதே நொடி. அவள் புருவம் உயர்ந்தது.

"அப்பாவும் நீங்களும் பேசிக்கிட்டீங்களா?"

"ம்."

சுண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு பின்னால் போக ஆரம்பித்தாள். ஐந்தாவது சீசனை விட்டு வெளியே வந்து, நான்காவதற்குள் இறங்கி, ஒன்பதாவது பகுதியில் போய் நின்றாள்.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு செய்தும் பழைய கதையா? கை தன்னால் மேசைப் பக்கம் நீண்டது. அப்போதுதான் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். மேல் வரி இல்லை. கீழ் வரி மட்டும் அப்படியே இருந்தது: 4-9.

"ஏன் சுண்டு, விட்ட இடம் சரியாத்தானே காட்டுது?"

"காட்டுது. அது நான் விட்ட இடம்." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "இது நீங்க விட்ட இடம்."

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"நீங்கதான் பாதி பாதியில எந்திரிச்சுப் போயிடறீங்களே. நீங்க எது வரைக்கும் பாத்தீங்கன்னு அப்பா வீட்டுப் பொட்டிக்குத் தெரியாதில்ல. தாடிக்காரன் யாருன்னு இன்னும் உங்களுக்குத் தெரியாது. நான் அதை மூணு தடவை பாத்தாச்சு."

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவான். ஓரத்திலிருந்து நகர்ந்து, முதுகு சாய்கிற அளவுக்கு சோஃபாவின் உள்ளே தள்ளி உட்கார்ந்தான். கால் ஆடவில்லை.

சுண்டு ரிமோட்டைத் தட்டினாள்.

"ஒழுங்கா பாருங்க" என்றாள். "திரும்பப் போட மாட்டேன்."