முந்தைய எட்டுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பாதி வாக்கியத்திலிருந்து கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். இந்த மாநிலத்தின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் குணம் தெரிகிறதா என்று கணக்கெடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. [மாநிலத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏரிகள் அதிகம், குளிர் அதைவிட அதிகம், எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் பாக்கி.] கஞ்சா என்றதும் உங்களுக்குப் போலீஸ் ஜீப் ஞாபகம் வந்தால் தப்பில்லை. முதல் வருஷம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அது ஒரு நீளமான அட்டவணை, அவ்வளவுதான்.

அட்டவணையில் பெயர்கள் கிடையாது. வரிசை எண், வயது, நோய், மருந்தின் அளவு, வலி மதிப்பெண். ஒவ்வொரு முறை மருந்து வாங்க வரும்போதும் நோயாளி தன் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் சொல்லவேண்டும், சொன்னால்தான் மருந்து. ஒரு வரிசையில் எழுபத்தொரு வயது ஆண், நரம்பு வலி, இருபத்திரண்டு வருகைகள். எட்டு, எட்டு, எட்டு என்று வரிசையாக இருபத்தொரு எட்டு. கடைசியில் ஒரு மூன்று. அதற்குப் பிறகு அந்த மனிதர் வரவேயில்லை.

அந்த மூன்றின் பக்கத்தில், குறிப்புக்கான கட்டத்தில், மருந்தாளுநர் தட்டியிருந்தது இது: "நோயாளி சொல்கிறார், முந்தைய எட்டுகள் எல்லாம்"

கட்டம் அதற்குமேல் எழுத்து ஏற்காது. என் மூளைக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாததுதான் வினை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"டாக்டர் கோபல் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறுகையில் நோயாளியின் தலையெழுத்துமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்."

இரண்டு நாள் இந்த வாக்கியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். கெட்ட டாக்டர் கிடைத்துவிட்டால் கதாசிரியனுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் இங்கே சட்டம் டாக்டரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இவருக்கு இந்த நோய் இருக்கிறதா? வருஷத்துக்கு ஒருமுறை, வீடியோவில், பதினோரு நிமிஷம். எவ்வளவு சாப்பிடுவது என்பது மருந்தாளுநர் பாடு. பதினோரு நிமிஷத்துக்குள் கோபல் கேட்கவேண்டியதைக் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். பதில், "இல்ல டாக்டர்." கோபல் டிக் அடித்தார். அந்த மனுஷனை இதற்குமேல் என்ன சொல்லித் திட்டுவது? சாண்ட்விச்சை எடுத்துவிட்டேன்.*

* சாண்ட்விச் போனபின் டாக்டருக்குக் கதையில் முகமே இல்லாமல் போய்விட்டது. நிஜத்திலும் அப்படித்தான் என்று நோயாளிகள் சொல்வார்கள்.

இரண்டாவது தொடக்கம் தேறியது. அதுதான் கீழே.

3

நவம்பரின் முதல் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டுவேன் ஸ்டாவிக் கஞ்சா மருந்தகத்துக்குள் மூக்கில் பஞ்சோடு வந்தார். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். [பஸ் என் கற்பனை. வயதும் நோயும்தான் அரசாங்கத்துடையது.] கல்லாவுக்குப் பின்னால் மருந்தாளுநர் லோரா ப்ரெக்கே. இருபத்தொரு முறையும் அவருக்கு மருந்து கொடுத்தவள் அவள்தான்.

"என்னம்மா லோரா, ஈ ஓட்டறே? ஊர்ல எல்லாருக்கும் குணமாயிருச்சா?"

"எல்லாரும் துப்பாக்கி தொடைக்கப் போயிட்டாங்க. நாளன்னிக்கு மான் வேட்டை ஆரம்பமில்ல. மூக்குல என்ன பஞ்சு?"

"குளிர்ல வறண்டு போச்சு. காலைலேர்ந்து ஒழுகுது."

"காலைலேர்ந்தா? மணி ரெண்டு, டுவேன்." அவள் அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். "இது?"

"வண்டிக் கதவு இடிச்சிருச்சு."

"இது?"

"அதுவும் கதவுதான்."

"உங்க வண்டிக்கு எத்தனை கதவு?"

டுவேன் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"வார்ஃபரின் சாப்பிடறீங்களா? ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை? பொய் சொல்லாம சொல்லுங்க."

அவர் கல்லா மேசையைப் பார்த்தார். "நெஞ்சுப் படபடப்புக்குக் குடுத்தாங்க. அது ஆச்சு ரெண்டு வருஷம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இதக் குடுப்பியா?"

"அங்கயாவது சொன்னீங்களா? இதயக் கிளினிக்ல?"

"அங்க சொன்னா துப்பாக்கி போயிரும். கஞ்சா அட்டை வெச்சிருக்கவன் துப்பாக்கி வெச்சுக்கக் கூடாதுன்னு வாஷிங்டன்ல சட்டமாம். எங்கப்பா துப்பாக்கிம்மா அது. அந்த நர்ஸ் வேற, ரத்தம் தண்ணியா இருக்கு, கீரை சாப்பிடு கீரை சாப்பிடுன்னு உயிர எடுக்கறா. ரெண்டு மாசமா ஆடு மாதிரி மென்னுக்கிட்டிருக்கேன்."

லோரா கம்ப்யூட்டரில் அவருடைய பழைய அளவுகளைத் திறந்தாள். கஞ்சா வயிற்றுக்குள் போனால் வார்ஃபரின் சட்டென்று கரைந்து வெளியேறாது, உடம்பிலேயே தங்கும். கஞ்சாவின் அளவு ஏற ஏற, ரத்தம் இன்னும் இளகும். அளவை ஏற்றியது அவள்தான்.

"நீங்க எட்டு எட்டுன்னீங்க. நான் மூணு தடவ ஏத்தினேன்."

"எட்டெல்லாம் சும்மாம்மா."

"சும்மான்னா?"

"நாலாவது மாசமே மூணுக்கு எறங்கிருச்சு. நல்லாத் தூங்கறேன். பூட்ஸ் நானே மாட்டிக்கறேன். குணமாயிருச்சுன்னு சொன்னா அடுத்த வருஷம் அட்டையப் புதுப்பிக்க மாட்டாங்களேன்னுதான்..."

"அப்படி யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அரசாங்கத்த எனக்குத் தெரியாதா? ரோடு நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துப் பாரு, அடுத்த பனிக்கு அந்தப் பக்கம் பனி அள்ளற வண்டியே வராது."

"வலி மூணுன்னா, ஏத்திக் குடுத்தத எல்லாம் ஏன் சாப்பிட்டீங்க?"

"குடுத்தாங்க, சாப்பிட்டேன். தட்டுல போட்டத மிச்சம் வெச்சுப் பழக்கமில்ல."

லோரா அவருக்கு அன்று மருந்து தரவில்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் போகிறேன் என்றார் அவர். சனிக்கிழமை விடிவதற்குள் காட்டில் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறி உட்காரவேண்டும், ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. தனியாகவா என்று கேட்டாள். பின்னே மேளதாளத்தோடா என்றார்.

"பரண்லேர்ந்து எறங்கறப்போ கால் வழுக்கித் தலையில சின்னதா அடிபட்டாப் போதும், உள்ளுக்குள்ள ரத்தம் நிக்காது. வெளையாட்டில்ல. இந்தச் சம்மதத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. போட்டாத்தான் நான் கிளினிக்குக்கு போன் பண்ணமுடியும்."

டுவேன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"திங்கக்கிழமை கொண்டாந்து தரேன். சத்தியமா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத கண்ணு."

கதவு சாத்தியது. லோரா மதிப்பெண் கட்டத்தில் மூன்று என்று போட்டாள். குறிப்புக் கட்டத்தில் தட்ட ஆரம்பித்தாள், கட்டம் தீர்ந்துபோயிற்று.

4

லோராவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை உங்களிடம் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

முதல் மூன்று மாதம் டுவேன் கைத்தடியோடு வந்தார். நாலாவது மாதம் தடி இல்லை. [இதுவும் என் கற்பனை, ஆனால் வலி எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கிய மனிதரிடம் ஏதோ ஒன்று மாறியிருக்கத்தானே வேண்டும்?] லோரா அதைப் பார்த்தாள். "தடி எங்க?" என்றுகூடக் கேட்டாள். "வண்டில கெடக்கு" என்றார். அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடேயே "வலி எவ்வளவு?" என்று கேட்டு, எட்டு என்று தட்டினாள். எட்டு என்றால், உச்ச அளவு வரும்வரை ஏற்று என்பது விதி. ஏற்றினாள். கண் ஒன்று சொன்னது, வாய் ஒன்று சொன்னது, கட்டத்தில் வாய்க்குத்தான் இடம் இருந்தது.

அவளை நல்லவளாகத்தான் எழுத நினைத்தேன். இப்போதும் நல்லவள்தான். நல்லவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கிழவரைக் கவனித்தார்கள். ஒருவர் நோயைப் பார்த்தார், ஒருவர் ரத்தத்தைப் பார்த்தார், ஒருத்தி எண்ணைப் பார்த்தாள். யானையைத் தடவிய குருடர்களை இங்கே இழுத்துவர ஆசையாக இருக்கிறது. வேண்டாம், அந்தக் குருடர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையாவது போட்டார்கள். இந்த மூன்று பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

5

முடிவுகள்.

(அ) லோரா கல்லாவைத் தாண்டி, கோட்டுகூடப் போடாமல், பனியில் ஓடி, அவருடைய வண்டியை மறித்தாள். "எறங்குங்க. என் வண்டில ஏறுங்க." அவர் முனகிக்கொண்டே ஏறினார்.

எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. கல்லாவில் அன்று அவள் ஒருத்திதான். மருந்தகத்தைத் திறந்து போட்டுவிட்டு ஓடினால் அவளுடைய உரிமம் போய்விடும். அவள் ஓடவில்லை. சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கையெழுத்து இல்லாமலே சொல்லலாம். மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு கேலி பேசுகிற மனிதர் உடனடி ஆபத்தில் இருக்கிறாரா? லோரா நாற்பது நிமிஷம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாற்பது நிமிஷத்தை மட்டும் நான் முழுசாக நம்புகிறேன்.

(ஆ) சனிக்கிழமை காலை, வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில், ஆரஞ்சு வேட்டைக் கோட்டுப் போட்ட ஒருவர் பரணின் ஏழாவது படியில்

[இதற்குமேல் எழுதவில்லை. நாலுமுறை முயன்றேன்.]

(இ) டுவேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கு தானாக நின்றது. இந்த மருந்தகமும் வேண்டாம், அந்தக் கேள்விகளும் வேண்டாம் என்று வேறு எங்கோ வாங்கிக்கொள்கிறார். எங்கள் பிரிவுக்குப் பிடித்த முடிவு இது. வராமல் போனவர்கள் எல்லாருக்கும் நாங்கள் மனதுக்குள் இந்த முடிவைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம்.

6

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தள்ளிப்போட்டேன் என்பதுதான் சரி.

ஆண்டறிக்கையில் நோயாளிகளின் குணத்தை அளக்க எங்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. முதல் மதிப்பெண்ணையும் கடைசி மதிப்பெண்ணையும் எடுக்கவேண்டும். நூற்றுக்கு முப்பதுக்குமேல் குறைந்திருந்தால் அவர் பலன் பெற்றவர். எட்டிலிருந்து மூன்று என்பது அமோகமான பலன். நடுவிலுள்ள எட்டுகளையும் குறிப்பையும் சூத்திரம் பார்க்காது, கடைசி மதிப்பெண் போட்டவர் அதற்குப் பிறகு ஏன் வரவில்லை என்றும் கேட்காது. அவருடைய வரிசையைப் பலன் பெற்றவர்களில் சேர்த்தது நான். குறிப்பைப் படித்தபிறகுதான் சேர்த்தேன். நூற்றுக்கு அறுபத்திரண்டு பேருக்கு நல்ல பலன் என்று அச்சாகிவிட்டது. அந்த அறுபத்திரண்டில் அவரும் இருக்கிறார்.

எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அதனால் கதை எழுதினேன். அவருக்கு ஒரு பெயர் கொடுத்தேன், பஸ் கொடுத்தேன், அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்தேன். இதெல்லாம் கொடுத்தால் ஒன்றைக் கேட்காமல் தப்பித்துவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

எங்கள் அட்டவணையை மரணப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க ஒரு பக்க விண்ணப்பம் போதும். பெயர் தெரியவேண்டியதுகூட இல்லை, வரிசை எண் இருந்தால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். மூன்று நாளில் பதில் வரும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வந்தால், அறிக்கையைத் திருத்தவேண்டும் என்று மேலதிகாரி முன்னால் போய் நான் நிற்கவேண்டும். ஒரு ஆளைத் திருத்தினால் மற்றவர்களை என்ன செய்வது என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். காணாமல் போனவர்கள் அந்த அட்டவணையில் நாலாயிரம் பேருக்குமேல் இருக்கிறார்கள்.

வாசகரே, முடிவை உங்களிடமே விடுகிறேன் என்று கும்பிடு போட்டு நழுவுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். பார்க்கப் பெருந்தன்மையாக இருக்கும். உங்களிடம் விட என்னிடம் ஒன்றும் இல்லை. முடிவு எதுவோ அது நடந்து முடிந்துவிட்டது, நான் இதன் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே. மரணப் பதிவேடு இருப்பது எங்கள் கட்டடத்தில்தான், மூன்றாவது மாடியில். நான் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.