நல்ல ரத்தம்

ரத்தம் எடுக்க வந்த நர்ஸுக்கு நரம்பு அகப்படவில்லை. பொன்னுராஜின் முழங்கை மடிப்பை இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மில்லுல ஸ்பேனர் புடிச்ச கை சிஸ்டர், தோலு தடிச்சுப் போச்சு. நல்லா அழுத்திக் குத்துங்க" என்றார் பொன்னுராஜ். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பேச்சிமுத்து அதற்குச் சிரிக்கப் போய், வலி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினார். இருவருக்கும் கண் மஞ்சள், நகம் மஞ்சள், தலையணை உறையில் படிந்த வியர்வையும் மஞ்சள். செல்லக்கனி தன் கணவர் பொன்னுராஜின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். காமாலை அரிப்பில் அவர் சொறிந்து சொறிந்து முதுகெல்லாம் கோடு கோடாகத் தடித்திருந்தது.

ராஜபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் பொன்னுராஜ் ஃபிட்டர். தொண்ணூற்றிரண்டு சித்திரையில் கண் மஞ்சளித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்லக்கனி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். மஞ்சள் இறங்கவில்லை, ஆள்தான் இறங்கினார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரையில், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்றார்கள். கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே செல்லக்கனிக்கு அன்றுதான் தெரியும்.

பேச்சிமுத்துவுக்கும் அதே இடத்தில் அதே கட்டி. மம்சாபுரத்துக்காரர். கூலி வேலை, கொஞ்சம் ஆடு. அவருடைய மனைவி வெள்ளைத்தாய், வார்டுக்கு வந்த முதல் நாளே செல்லக்கனியிடம் ஊர்ப்பேர் கேட்டு, நம்ம பக்கம்தான் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு ஒருத்தி சாப்பாடு வாங்கப் போனால் மற்றவள் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொண்டாள்.

ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டருக்குக் கீழே ராஜரத்தினம் என்று ஒரு இளம் டாக்டர். இந்த நோயோடு வருகிறவர்களின் ரத்தத்தை ஆபரேஷனுக்கு முன்பே விதவிதமாகச் சோதித்து, பிறகு அவர்கள் எத்தனை காலம் இருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டு வந்தார். அன்று மத்தியானம் இரண்டு மனைவிகளையும் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைத்தாய் முதலில் போனாள். அறைக்குக் கதவு கிடையாது, பச்சைத் திரை மட்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லக்கனிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"ஆபரேஷன் பண்ணலாம்மா. பண்ணத்தான் வேணும். ஆனா ரத்தத்துல புரதம் ரொம்பக் குறைவு. வெள்ளை அணுவும் சரியில்ல. இப்படி இருக்கிறவங்க பொழச்சு வீட்டுக்குப் போனாலும் அதிக நாள் தாங்குறதில்ல. நீங்க மனசத் தயார் பண்ணிக்கணும்."

வெளியே வந்த வெள்ளைத்தாய் செல்லக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யக்கா, அவியகிட்ட மட்டும் சொல்லிராதீய. பயந்தே செத்துருவாக."

செல்லக்கனி உள்ளே போனபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது. பொன்னுராஜின் ரத்தத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த நோய்க்கு இப்படி அமைவது அபூர்வம், ஆபரேஷனுக்குப் பிறகு வருஷக்கணக்கில் இருக்க வாய்ப்புண்டு என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "இது நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா வர்ற கணக்கும்மா. ஒரு ஆளுக்கு இப்படித்தான்னு யாராலயும் சொல்ல முடியாது." அது செல்லக்கனியின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. வராந்தாவில் நடந்து வரும்போது நல்ல ரத்தம், நல்ல ரத்தம் என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வார்டு வாசலில் வெள்ளைத்தாய் முகம் கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் குனிந்துகொண்டாள்.

ஆவணியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் நடந்தது. பொன்னுராஜ் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தார். பேச்சிமுத்துவுக்குத் தையல் பழுத்தது, காய்ச்சல் விடவில்லை, கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார்கள். வீட்டுக்குப் புறப்படுகிற அன்று பொன்னுராஜ் அந்தத் திரையை விலக்கி, "ஏலே பேச்சி, மில்லுக்குள்ள உன்னக் கூட்டிட்டுப் போயிச் சுத்திக் காட்டுதேன், எந்திரிச்சு வா" என்றார். பேச்சிமுத்து கண்ணைத் திறக்கவில்லை. அந்த மனிதரை இனிப் பார்க்கப்போவதில்லை என்று செல்லக்கனி மனதுக்குள் விடை பெற்றுக்கொண்டாள்.

கார்த்திகையில் பொன்னுராஜ் மில்லுக்குப் போனார். தை மாதம் முதுகுவலி என்று திரும்பி வந்தார். கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தவரை மறுபடி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். ராஜரத்தினம் டாக்டர் வராந்தாவில் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவருக்கு இப்படி ஆகக்கூடாதும்மா" என்றார். அவரே ஏதோ தோற்றுப்போனவர் மாதிரி இருந்தது. கோபப்படக்கூடச் செல்லக்கனியால் முடியவில்லை.

"ஏட்டி, என் ரத்தம் நல்ல ரத்தம்னுதான சொன்னாக?" என்று பொன்னுராஜ் கடைசி நாட்களில் ஒருமுறை கேட்டார். "ஆமா" என்றாள். அவர் தன் கையைத் தூக்கி, அது யாருடைய கையோ என்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை பிறப்பதற்கு முன் போய்விட்டார்.

பிள்ளைகள் இல்லாத வீடு. காரியம் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அண்ணன் வைகுண்டராஜ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. ஆபரேஷனுக்கு முன் அந்தக் கோயிலில்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது கோயில் வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் ஏறிப் போனாள்.

அடுத்த தை மாதம். கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "தங்கச்சி! நம்ம ராசபாளையத்துத் தங்கச்சில்லா!" என்று சத்தம். மொட்டைத்தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு மனிதர் கோயில் வாசலிலிருந்து வேகமாக வந்தார். பின்னால் வெள்ளைத்தாய். அவளைப் பார்த்த பிறகுதான் முன்னால் வருவது யாரென்று செல்லக்கனிக்குப் புரிந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது. கண் வெள்ளையாக இருந்தது.

"நேத்திக்கடன் முடிச்சிட்டு வாரோம். எங்க நம்ம அண்ணாச்சி? மில்லுக்குப் போறாகளா? என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன மனுசன்..."

பேசிக்கொண்டே கிட்டே வந்தவரின் பார்வை அவள் நெற்றிக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. பின்னால் வெள்ளைத்தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"எப்பம்?" என்றார் பேச்சிமுத்து.

"போன பங்குனியில."

"அவிய நல்லாத்தான இருந்தாக... எனக்கு முந்தி எந்திரிச்சு நடந்தாக..." கோயில் மதிலோரம் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். "நான் என்னத்துக்குக் கெடக்கேன் தங்கச்சி? ஒரு சோலியும் தெரியாத பய. அவிய எம்புட்டு வேல தெரிஞ்ச ஆளு. ஏன் அவியளுக்கு அப்படி ஆச்சு?"

செல்லக்கனிக்கு வந்தது அழுகையில்லை, அது வேறு. உம்ம ரத்தம்தான் கெட்ட ரத்தம், நீருதான் போவீருன்னு எழுதி வெச்சிருந்தாக, என்று சொல்லிவிட்டால் போதும். சொன்னால் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கும் போலிருந்தது. "உங்க ரத்தத்தப் பாத்துட்டு அந்த டாக்டரு..." என்று ஆரம்பித்தும்விட்டாள்.

வெள்ளைத்தாய் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு கையையும் கூப்பினாள்.

பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னாக?"

கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைச் செல்லக்கனி மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "நல்ல ரத்தம்னு சொன்னாரு அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். பிறகு மதிலில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். அவர் எதையும் சாப்பிட மறுத்து, டம்ளரைப் பிடித்தபடி தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தார். அடுப்படிக்கு வெள்ளைத்தாய் பின்னாலேயே வந்தாள். "இப்பமும் முழிப்பு வாரப்பல்லாம் அவிய மூக்குல கைய வெச்சுப் பாக்கேன்க்கா" என்றாள் மெதுவாக. "மறுபடி ரத்தம் எடுத்தாக. என்ன சொன்னாகன்னு நான் கேக்கல. கேக்கப் போறதுமில்ல." செல்லக்கனி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் நகரவில்லை.

சாயங்காலம் மம்சாபுரம் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிடப் போனாள். கூட்டம். பேச்சிமுத்துவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளைத்தாய் பக்கத்தில் நின்றபடி, அவர் தலையில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த சந்தனத்தை நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு சந்தனம் விழுந்து, தரையில் உடைந்து, பின்சக்கரம் கிளப்பிய புழுதியோடு எழுந்தது.