ஏழாவது வரிசை, ஜன்னல் ஓரம்

அந்தத் தெருவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்றே ஒன்றுதான். நடத்துகிறவரின் பெயர் போர்டில் பெரிதாக இருக்கிறது. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'ஜன்னல் சார்'.

இருபத்தாறு வருஷத் தொழில். எந்த விமானத்தில் எந்த இருக்கை பின்னால் சாயாது, எங்கே உட்கார்ந்தால் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் தோளை இடிப்பார்கள், எந்த வரிசையில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்கும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். "பதினொண்ணாவது வரிசை மட்டும் வேண்டாம் சார். காசையும் குடுத்துட்டு சுவத்தைப் பாக்கிறதுக்கு, நீங்க உங்க வீட்டிலேயே உக்காந்திருக்கலாம்" என்பார்.

முன்பெல்லாம் டிக்கெட் வாங்கினால் இடம் சும்மா கிடைத்தது. இப்போது ஜன்னலுக்கு ஒரு விலை, நடைபாதை ஓரத்துக்கு ஒரு விலை, காலை நீட்டிக்கொள்ள ஒரு விலை. கொடுக்காதவனுக்குக் கம்பெனி பார்த்து எறிகிற நடு இருக்கைதான். புருஷன் மூன்றாவது வரிசையில் இருப்பான், பெண்டாட்டி முப்பதில் இருப்பாள். "சேர்ந்து உக்காரவும் காசு கேக்கிறானே, இது அடுக்குமா?" என்று ஜன்னல் சார் பொருமினால், "சில பேர் தள்ளி உக்காரத்தான் சார் காசு குடுப்பாங்க" என்று எதிரே டிக்கெட் போட வந்து உட்கார்ந்திருக்கிறவர் சிரிப்பார். அவரும் சிரித்துவிட்டு, கடைசியில் எப்படியாவது ஒரு ஜன்னலைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

இப்படி ஊருக்கெல்லாம் இடம் பார்த்துக் கொடுத்த மனுஷனின் வீட்டில்தான், முன்னறையில் கட்டில் போட்டு அவர் மனைவி படுத்துக் கிடந்தாள். வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டரம்மா மாசக் கணக்கில் பேசியதை விட்டு வாரக் கணக்குக்கு வந்திருந்தார். மனைவியின் தங்கை, அவருடைய மச்சினி, துணிமணியோடு வந்து தங்கி அக்காவைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை ஒருவன்தான். கடல் தாண்டி வேலை. நாலு வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை.

"ஒரு தடவை அவனை நேர்ல பாத்துட்டாப் போதுங்க. அப்புறம் சாமி என்னை எப்ப வேணாக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. கேட்டது அவ்வளவுதான்.

பையன் டிக்கெட் போட்டுவிட்டான். இருப்பதிலேயே மலிவான டிக்கெட், இடம் எடுக்கவில்லை. பதிவு எண்ணை அப்பாவுக்கு அனுப்பி வைத்தான். ஜன்னல் சாருக்குப் பொறுக்கவில்லை. "என் பையனுக்கு நடு சீட்டா? ஊர் சிரிக்காது?" என்று கணினியில் தானே அந்தப் பதிவுக்குள் போய், தன் கார்டிலேயே காசு கட்டி, ஏழாவது வரிசையில் ஜன்னல் ஓரத்தை எடுத்தார். முன்பக்கம் விலை கூடுதல். கல்லில் நார் உரிக்கிற ஆள்தான், ஆனாலும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவிக்குக் கணக்குச் சொன்னார்: "முன்னாடி சீட்டு. கதவு திறந்தா பத்தே நிமிஷத்துல வெளிய வந்துடுவான். பெட்டி வர நாப்பது நிமிஷம். அங்கேர்ந்து கார்ல முக்கால் மணி. பத்து நாப்பதுக்குப் பிளேன் இறங்கினா, பன்னண்டேகாலுக்கு உன் முன்னாடி நிப்பான்."

அவள் அந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டாள்.

அந்த விமானத்தின் இருக்கைப் படத்தை அச்செடுத்து வந்து கொடுத்தார். முப்பது வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். அவள் அதைத் தலையணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அவருக்கு முதல் வேலை அந்தப் படத்தைக் கணினியில் பார்ப்பதுதான். காலி இடம் நீலமாக இருக்கும், ஆள் எடுத்த இடம் சாம்பலாக இருக்கும். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவார்.

"உன் பையன் உக்காந்திருக்கான்."

"ஆடாம அசையாம இருக்கானா?"

"பெல்ட்டே போட்டுட்டான்."

"இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள அவனை ஏத்தி உக்கார வச்சுட்டாரு அத்தான்!" என்று பின்னால் மச்சினி சிரிப்பது கேட்கும். பிறகு அவர் புதிதாக நிரம்பிய இடங்களைச் சொல்லச் சொல்ல, மனைவி பென்சிலால் அந்தக் கட்டங்களைத் தீட்டுவாள். பையனுக்குப் பக்கத்து இடம் பல நாள் காலியாகவே கிடந்தது. அவளுக்கு அது ஒரு குறை. ஒருநாள் அதுவும் சாம்பலானபோது, "அப்பாடா, பேச்சுத்துணைக்கு ஆள் வந்தாச்சு" என்றாள். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று மச்சினி சொன்னாள்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு காலையில், ஏழாவது வரிசை ஜன்னல் ஓரம் நீலமாக இருந்தது.

பக்கத்து இடம் சாம்பல்தான். இது மட்டும் நீலம். நெட் கோளாறாக இருக்கும் என்று வலைப்பக்கத்தை மூடித் திறந்தார். நீலம். கணினியை அணைத்துப் போட்டார். நீலம். பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தார். 'ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நடந்திருக்கிறது. எத்தனை பேருக்கு இந்தச் செய்தியை அவரே வாசித்துக் காட்டியிருக்கிறார்! "டிக்கெட்டுக்குக் கொஞ்சம் திரும்ப வரும் சார், சீட்டுக்குக் கட்டினது வராது" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறார்!

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, இன்னிக்கு இன்னும் போனே வரல? எங்கயாவது எழுந்து போயிட்டானா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"இருக்கான், இருக்கான். கடையில கூட்டம்" என்றார். கடையில் ஈ காக்கை இல்லை.

பையனைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தான். லீவு என்றான், மேலதிகாரி என்றான், அடுத்த மாசம் என்றான். அடுத்த மாசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜன்னல் சாருக்குக் கோபம் தலைக்கேறியது. "அடுத்த மாசம் யாரைடா பாக்கப் போற?" என்று கத்திவிட்டார். அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"என்னால முடியாதுப்பா. அன்னிக்கு வீடியோவில பாத்தேனே, அது அம்மா மாதிரியே இல்ல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. எனக்கு இருக்கிற அம்மா அந்தப் பழைய அம்மாதான். அதையும் எடுத்துடாதீங்கப்பா."

என்ன பிள்ளை இது என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். கோபம் இறங்கிப்போய்க் கெஞ்ச ஆரம்பித்தார்.

"நீ அவளைப் பாக்க வேண்டாம்டா. கண்ணை மூடிட்டு வந்து நில்லு. அவ உன்னைப் பாத்தாப் போதும்."

அவன், "பாக்குறேன்ப்பா" என்றான்.

பாக்குறேன்! இருபத்தாறு வருஷத்தில் விலையைக் கேட்டுவிட்டு, 'பாக்குறேன் சார்' என்று படியிறங்கிப் போனவன் எவனும் திரும்பி வந்து டிக்கெட் வாங்கியதில்லை. அது தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே விமானத்தில், அதே தேதியில், பையன் பெயரில் தானே ஒரு டிக்கெட் போட்டார். விலை இரண்டு மடங்கு ஏறியிருந்தது. ஏழாவது வரிசை ஜன்னல் ஓரத்துக்கு இரண்டாவது தடவையாகக் காசு கட்டினார். நீலம் சாம்பலானது. நாற்காலியைப் பிடித்து வைத்தால் ஆள் வந்துவிடுவானா ஐயா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. டிக்கெட்டைப் பையனுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் போனில், "உக்காந்திருக்கான்" என்றார். படத்தில் சாம்பலாகத்தானே இருக்கிறது, பொய் இல்லையே என்று தன்னையே தேற்றிக்கொண்டார். இந்த முழுப் பூசணிக்காயை எட்டு நாள் சோற்றில் மறைத்தார்.

மச்சினியிடம் மட்டும் சமையலறையில் வைத்துச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்லிடுங்க அத்தான். அவன் வர வேண்டிய நேரத்துல தெரிஞ்சா தாங்குவாளா?"

"பிளேன் கதவை இன்னும் மூடல" என்றார் அவர். "கடைசி நிமிஷத்துல ஓடி வந்து ஏறினவங்களை எத்தனை பேரை நான் பாத்திருக்கேன்."

பயணத்துக்கு முதல் நாள் செக்-இன் திறந்ததும் அதையும் அவரே செய்தார். போர்டிங் பாஸைப் பையனுக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை அச்செடுத்து மனைவிக்குக் கொண்டுவந்தார். அவள் பிள்ளையின் பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"இவ்வளவு காசு வாங்குறானுங்க, ஒரு போட்டோ போடக் கூடாதா?" என்றாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

விமானம் நம் ஊர் நேரப்படி விடிகாலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட வேண்டியது. ஆறரைக்கு அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு போனில் பதிவைத் திறந்தார். 'பயணிக்கவில்லை' என்று இருந்தது. பையனைக் கூப்பிட்டார். முழுவதும் அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். அடித்து நின்றது. வாசல் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

உள்ளே மனைவி தலை வாரி முடித்திருந்தாள். வாரிக்கொள்ள முடி எங்கே இருந்தது! இருந்த நாலு முடியை மச்சினி படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். கட்டிலைக் கதவைப் பார்த்துத் திருப்பச் சொன்னது மனைவிதான். மச்சினி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை கட்டில் பக்கம் போனார். ஒவ்வொரு தடவையும் போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார்.

பத்து ஐம்பதுக்கு அவள் கேட்டாள். "பிளேன் இறங்கிடுச்சா, பாருங்க."

பார்த்தார். "இறங்கிடுச்சு."

"பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட என்னத்தப் பேசிட்டு வந்தானோ. யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேச மாட்டான் அவன்."

பன்னிரண்டேகால் ஆனது. வாசலில் ஒரு கார் வந்தது. அவள் கழுத்தை நீட்டினாள். கார் நிற்காமல் போனது. பன்னிரண்டரை. ஒன்று. அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க வைக்கப் போன மச்சினியின் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏங்க, நீங்க எடுத்தது முன்னாடி சீட்டுதானே?"

"முன்னாடிதான்."

"அப்ப பன்னண்டேகாலுக்கு வந்திருக்கணுமே."

அவள் கண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் பயம் இருந்தது.

"மாத்திட்டாங்க" என்றார். "சில சமயம் கடைசி நேரத்துல சீட்டை மாத்திடுவாங்க."

"காசு கட்டினதுக்கப்புறமுமா?"

"கட்டினாலும் மாத்துவாங்க."

"எங்க மாத்தினாங்க?"

"பின்னாடி."

அவள் படத்தைக் கேட்டாள். மச்சினி எடுத்துக் கொடுத்தாள். அத்தனை கட்டமும் பென்சிலால் தீட்டிக் கறுத்துப் போயிருந்த அந்தத் தாளின் அடிப்பக்கத்தில் அவள் விரல் தேடியது. "எத்தனாவது வரிசைங்க? இருபதா?"

"இன்னும் பின்னாடி."

"இருபத்தஞ்சா?"

"முப்பது" என்றார் ஜன்னல் சார். "கடைசி வரிசை. நடு சீட்டு. கக்கூஸ் பக்கத்துல." ஊரில் யாருக்கும், எதிரிக்குக்கூட, அவர் அந்த இடத்தைக் கொடுத்ததில்லை.

"அய்யோ பாவம், புள்ள" என்றாள் அவள். "இருபத்தொன்பது வரிசையும் இறங்கினப்புறம்தானே எழுந்திரிக்கவே முடியும்."

"ஆமா."

"அப்ப நேரமாகத்தான் செய்யும்."

"ஆமாம்மா. ரொம்ப நேரமாகும்."

அவள் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டாள். கண்ணை மட்டும் கதவை விட்டு எடுக்கவில்லை.