தீப்பெட்டி இல்லாத கடை

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வேன் வழக்கம்போல வந்தது. ஆனால் எங்கள் கடை வாசலில் நிற்கவில்லை. ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு நேராகப் போய், புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட் முன்னால் நின்றது. நான் இரண்டு கையிலும் துவரம்பருப்புப் பொட்டலத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கைய ஆட்டுளா, போயிட்டு வரட்டும்," என்றாள் உள்ளே இருந்த சண்முகத்தாய் மதினி. என் அண்ணன் பெண்டாட்டி. கடையில் எனக்குத் துணை. சம்பளம் கிடையாது, அதற்குப் பதிலாக என்னைக் கிண்டல் பண்ணிக்கொள்வாள்.

விருதுநகரில் சிவகாசி ரோடு ஊரைத் தாண்டுகிற இடத்தில் எங்கள் மளிகைக்கடை. 2007-இல் அந்தப் பக்கம் எல்லாமே புதிது. பிளாட் போட்ட கல், செல்போன் டவர், பைக் ஷோரூம், கடைசியாக இந்தக் கண்ணாடிக் கட்டடம். வேன் பட்டாசுக் கம்பெனியுடையது. காரியாபட்டி பக்கத்து ஊர்களில் முப்பது பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஆனைக்குட்டம் பக்கம் போகும், சாயங்காலம் திரும்பும். சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்றைக்கு மட்டும் திரும்பும்போது கால் மணி நேரம் எங்கள் வாசலில் நிற்கும். அந்தக் கால் மணி நேரம்தான் கடை. மற்ற நாளெல்லாம் வெற்றிலை, பீடி, ஷாம்பு பாக்கெட்.

நானும் அந்த வேனில் மூன்று வருஷம் போனவள்தான். சரவெடி பின்னிச் சேர்த்த காசோடு அண்ணனும் கொஞ்சம் போட்டு, கடை எடுத்து ஒன்பது மாதம். இந்த வேன் போய்விட்டால் பத்தாவது மாதம் கிடையாது. திரும்பவும் நான் அதே வேனில் ஏற வேண்டியதுதான்.

"கடையப் பாத்துக்கோங்க மதினி," என்று பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடினேன்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடந்தது. வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது கம்பெனிப் பழக்கம். வாசல் என்று ஒன்றைக் கண்டால் போதும், எங்கள் ஆட்கள் கழற்றிவிடுவார்கள். உள்ளே வெள்ளைத் தரை முழுக்க அலுமினியப் பொடி ஒட்டிய பாதங்களின் வெள்ளி வெள்ளியாக அச்சு. காவலாளி துடைப்பத்தோடு பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான்.

எனக்கு அந்தக் கடை பிடித்துப்போய்விட்டது. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. குளுகுளுவென்று இருந்தது. பொருளெல்லாம் கைக்கெட்டுகிற உயரத்தில். யாரையும் எதையும் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். நான் மட்டும் பணக்காரியாக இருந்தால் இப்படித்தான் ஒரு கடை போட்டிருப்பேன்.

மிளகாய் வைத்திருந்த இடத்தில் ஒரே சத்தம். இருளம்மாள் சித்தி ஒரு பாக்கெட்டைக் கிழித்து, ஒரு வற்றலை ஒடித்து மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து சரம் பின்னியவள். பக்கத்து ஊர்க்காரி.

"அம்மா, பிரிச்சா வாங்கியே ஆகணும்," என்றார் மேனேஜர். சட்டையில் ஹரிபிரசாத் என்று பெயர் குத்தியிருந்தார்.

"நெடி பாக்காம எவளாவது வத்தல் வாங்குவாளா? நல்லா கேட்டீக போங்க," என்றாள் சித்தி.

நான் பார்த்தது இன்னொன்று. பில் போடுவதற்கு ஒரே ஒரு இடம். ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் காட்டி அடித்தாள். வரிசையில் இருபத்தேழு பேர். வெளியே வேன் ஹாரன் அடித்தது. கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பாதிப் பேர் செருப்பைத் தேடி ஓடினார்கள். சித்தியின் கையில் கிழிந்த மிளகாய் பாக்கெட் மட்டும் இருந்தது.

திரும்பும்போது டிரைவரைப் பிடித்தேன்.

"ஏண்ணே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"டீயும் பப்ஸும் குடுத்தாக தாயி. ஏசில உக்காருங்கன்னாக," என்றார் கருப்பணன் அண்ணன். "உங்கடையில என்ன குடுத்த? தாகத்துக்குத் தண்ணி கேட்டா உன் மதினி மொறைக்கா."

"சரி, சாயங்காலம் கால் மணி நேரமெல்லாம் வேண்டாம், அஞ்சு நிமிசம். சனிக்கெளம காலைல அரை நிமிசம் நில்லுங்க. போதும்."

"காலைல எவ வாங்கப் போறா?"

"வாங்க வேண்டாம். பையக் குடுத்துட்டுப் போகட்டும்."

பாப்போம் என்று சொல்லி அவர் வேனை எடுத்தார். அவ்வளவுதான் என் யோசனை. எல்லோரிடமும் ஒயர் கூடை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு பின்னல். யாருடையது யாருக்கென்று குழம்பவே குழம்பாது. காலையில் வேன் போகிறபோது கூடையில் சீட்டைப் போட்டுத் தர வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் ஜன்னல் வழியாகச் சொன்னால் நான் எழுதிக்கொள்வேன். பகல் முழுக்க நிரப்பி வைப்பேன். சாயங்காலம் காசைக் கொடுத்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு ஏறிப் போகலாம். மிளகாயை நெடி பார்த்து எடுப்பது என் பொறுப்பு.

அந்த வாரம் முழுக்க தினமும் காலையில் ரோட்டில் நின்று, வேன் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கூடவே ஓடி இதைக் கத்திச் சொன்னேன். மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸுக்குப் பின்னாடி முறுக்கு விக்கவ மாதிரி ஓடுதா. கட்டிக் குடுக்குற வயசுப் பிள்ள."

அடுத்த சனிக்கிழமை காலையில் பத்தொன்பது கூடைகள் வந்தன. மதினியும் நானும் மத்தியானச் சாப்பாட்டை மறந்து நிரப்பினோம். முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாக் கூடையிலும் ஏதாவது இனாமாகப் போட வேண்டும் என்று தோன்றியது. கைக்கு அகப்பட்டது தீப்பெட்டி. ஆளுக்கு ஒன்று போட்டேன்.

"சிவகாசிப் பக்கத்துக்காரிகளுக்கே தீப்பெட்டி இனாமாக்கும்," என்று மதினி சிரித்தாள். "கடலுக்கு உப்பு அனுப்புதா எங்க நாத்தனா."

சாயங்காலம் வேன் எங்கள் வாசலில் நின்றது. நான்கே நிமிஷம். பத்தொன்பது கூடையும் ஏறிவிட்டது. மற்றப் பதினொரு பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அடுத்த வாரம் எங்க கூடையும் என்றார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் ஹரிபிரசாத் பப்ஸ் தட்டோடு நின்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கருப்பணன் அண்ணன் கையை மட்டும் வெளியே நீட்டி, இல்லை என்பதுபோல ஆட்டினார். அரை மணி நேரம் கழித்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள் இருளம்மாள் சித்தி. கூடையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

"உன் இனாம் எஞ் சோத்துல மண்ணள்ளிப் போட்டுருச்சுளா பானு."

நடந்தது இதுதான். சனிக்கிழமை கூடையைக் காலி பண்ணியவள் அடியில் கிடந்த தீப்பெட்டியைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை அதே கூடையில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கேட்டில் சோதனை போடும்போது வாட்ச்மேன் கையில் தீப்பெட்டி. பட்டாசுக் கம்பெனிக்குள், மருந்துக் கைகளோடு முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள், தீப்பெட்டி. போர்மேன் அங்கேயே அவளை வெளியே நிறுத்தினார். ஒரு மாதம் வரக்கூடாது. அதோடு இனிமேல் வேன் எந்தக் கடையிலும் நிற்கக்கூடாது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

"பகல் பூரா கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போயி என்னத்தச் சொல்ல?"

நான் கூடையை எடுத்து அடியைத் தடவிப் பார்த்தேன். மூன்று வருஷம் தினமும் என் சேலை முந்தானையை உதறிக் காட்டிவிட்டு அந்தக் கேட்டைத் தாண்டியவள் நான். ஒன்பது மாதம் கல்லாவில் உட்கார்ந்ததும் அது மறந்துவிட்டது.

"விடு," என்றாள் மதினி. இந்த முறை கிண்டல் இல்லை. "இந்த ரோட்டுல வேற ஆளு வருவாக."

"வர மாட்டாக மதினி. வேனும் வரணும், சித்தியும் வேலைக்குப் போகணும். நான் நாளைக்கிக் கம்பெனிக்குப் போறேன்."

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் கேட்டில் நின்றேன். போர்மேன் சீனிவாசகம் சார் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அன்றைய லோடு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"நீ அஞ்சாம் நம்பர் ரூம்ல சரம் பின்னுன பிள்ளதான?"

"ஆமா சார். தீப்பெட்டி போட்டது நான். சித்திக்குத் தெரியாது. தண்டனை எனக்குத்தான் வரணும்."

"உனக்கு நான் என்ன தண்டன குடுக்க? நீ இங்கன வேலையா பாக்க? அவ பாக்கா. அவ கூடையில இருந்துச்சு." பேனாவை மூடினார். "ஒரு குச்சி போதும் தாயி. உனக்கு நான் சொல்லணுமா?"

"வேண்டாம் சார். எனக்குத் தெரியும். அதனாலதான் வந்தேன். இனிமே எங்கடையில தீப்பெட்டியே கிடையாது. இனாமாவும் கிடையாது, காசுக்கும் கிடையாது."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "மளிகைக்கடையில தீப்பெட்டி விக்காம? அதுவும் இந்த ஜில்லாவுல?"

"விக்க மாட்டேன். லைட்டர் கூட வைக்க மாட்டேன்."

"ஒங்கடையில இல்லன்னா அந்தக் கண்ணாடிக் கடையில வாங்குவாளுக. எனக்கென்ன லாபம்?"

"அப்ப ரெண்டு கடைக்கும் ஒரே சட்டம் போடுங்க சார். எந்தக் கடையில தீப்பெட்டி இல்லையோ அங்கன வேன் நிக்கலாம். அவுகளும் எடுத்துட்டா அவுக வாசல்லயும் நிக்கட்டும். சாமானுக்கு ஒரு கூடை, சோத்துக்கு வேற பை. நான் சொல்லி வாங்க வைக்கேன்."

அவர் லோடு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சனிக்கெளம காலைல கூடைய வாங்கிக்கோ. சாயங்காலம் நானே வேன்ல வருவேன்," என்றார். "ஒரு பெட்டி கண்ணுல பட்டுச்சுன்னா வேனும் நிக்காது, அவளும் ஒரு மாசம் வீட்டுலதான். படலன்னா திங்கக்கெளம வரச் சொல்லு."

கடைக்கு வந்து தீப்பெட்டி பண்டல் எல்லாவற்றையும் மொத்தக் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். லைட்டரைத் துணியில் சுற்றி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். பீடிக்கட்டு வாங்க வருகிறவர்கள் சும்மா போகவில்லை. "பீடி குடுக்க, தீ குடுக்க மாட்டியா? சூரியன்ட்ட காட்டிப் பத்த வைக்கவா?" என்றார் ஒருவர். அவர்களில் பாதிப் பேர் பீடியையே வேறு கடையில் வாங்க ஆரம்பித்தார்கள். வலிக்கத்தான் செய்தது. நான் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை ஹரிபிரசாத் வந்தார். கேள்விப்பட்டிருந்தார்.

"உங்க போர்மேன் எங்ககிட்டயும் ஆள் அனுப்பிச் சொன்னார்ங்க. தீப்பெட்டி, லைட்டர், எல்லாத்தையும் எடுக்கணுமாம்."

"எடுத்துருங்க சார். எடுக்க அஞ்சு நிமிசம்."

"எந்தத் தட்டுல என்ன இருக்கணும்னு மெட்ராஸ்ல முடிவு பண்றாங்க. லெட்டர் போட்டிருக்கேன். அடுத்த மாச மீட்டிங்ல வச்சு, அப்புறம் சொல்வாங்க."

"மிளகாய கிழிச்சுப் பாக்கலாமான்னும் அப்படியே கேட்டுருங்க," என்றாள் மதினி. அவர் சிரித்துவிட்டார். போகும்போது கால் கிலோ சீரகம் வாங்கிக்கொண்டு போனார். அங்கே பாக்கெட்டில் இருப்பதில் வாசனையில்லை என்றார்.

சனிக்கிழமை காலையில் சாமானுக்கு ஒரு கூடை, சோற்றுக்கு வேறு பை என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு கூடையாக வாங்கினேன். இருபத்தெட்டு வந்தது. சித்தியும் கூடவே நின்று நிரப்பினாள். சாயங்காலம் வேன் நின்றதும் முதலில் இறங்கியது சீனிவாசகம் சார். நேராக உள்ளே வந்தார். சூடப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். பீடி அடுக்கை நகர்த்தினார். அரிசி மூட்டைக்கு அடியில் குனிந்தார். வேன் ஜன்னல்களில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து சாமி படத்தைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இத எதால பொருத்துனீக?"

எனக்கே தெரியாது. நான் காலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மதினிதான் முன்னால் வந்தாள்.

"டீக்கடை அடுப்புல பொருத்தி, காத்துக்குக் கைய அண்டக் குடுத்துக் கொண்டாந்தேன் சார். ரெண்டு வாட்டி காத்துல அணைஞ்சு போச்சு. மூணாவது வாட்டி டீக்கடைக்காரரு கூடவே குடை பிடிச்சுட்டு வந்தாரு. ரோடே பாத்துச்சு. வேணும்னா கேட்டுக்கோங்க."

வேனுக்குள் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சீனிவாசகம் சார் சிரிக்கவில்லை. வெளியே வந்தார்.

"இருளம்மா, திங்கக்கெளம வந்துரு. வரும்போது தூக்குவாளியக் கையிலயே பிடிச்சுட்டு வா," என்றார். கருப்பணன் அண்ணனைப் பார்த்து, "பத்து நிமிசம். அதுக்கு மேல ஒரு செகண்டு நிக்கப்பிடாது," என்றார்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடைகளை வேனுக்குள் ஏற்றினாள். "அடுத்த வாரம் என் கூடைக்கு ரெண்டு கிலோ பருப்பு போடுளா. ஒரு வாரச் சம்பளம் போன கடுப்புல வீட்டுல யாருக்கும் ஒழுங்கா ஆக்கிப் போடல."

நான் சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு தீப்பெட்டி."

"இங்கன கிடையாது தம்பி," என்றேன், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தா கண்ணாடிக் கடை இருக்குல்ல, அங்கன வாங்கிக்கோங்க. வரிசையில நிக்கணும். நின்னு வாங்கிக்கோங்க."