எஞ்சினுக்குப் போட்ட மாலை

காரை நிறுத்திய கையோடு பாலக்கரை ஒர்க்‌ஷாப்புக்குள் புகுந்து மெக்கானிக் மாத்ருபூதத்தின் சட்டையைப் பிடித்தேன். போன வாரம் அவன் சர்வீஸ் செய்து கொடுத்த கார், சிக்னலில் நின்றாலே கொதிக்கிறது.

“ஓடும்போது சூடாகுதாங்க?”

“இல்ல. நின்னாத்தான்.”

“அப்ப ஃபேன் சுத்தலங்க. கைய எடுங்க, பாக்குறேன்.”

“தண்ணியே ஊத்தாம விட்டுட்டு கதை விடுறியா?”

பானெட்டைத் தூக்கி, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். அவன் பாய்ந்து என்னைத் தள்ளினான். என்மேலேயே கை வைக்கிறானா என்று அவன் வாயில் குத்தினேன். அதே நொடியில் மூடி தெறித்தது. நான் நின்றிருந்த இடத்தில் அவன் நின்றான். கொதிநீர் அவன் வலது கையை முழங்கை வரை வேகவைத்தது.

அவன் ஓடிப்போய் குழாய்த் தண்ணீரில் கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றான். எஞ்சின் ஆறியதும் உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, இடது கையை உள்ளே விட்டு எதையோ பிய்த்து இழுத்தான். ஃபேன் தண்டில் இறுகச் சுற்றியிருந்த வாழைநார். அதில் இரண்டு காய்ந்த சாமந்தி.

“எஞ்சினுக்கு மாலை போட்டது யாருங்க?”

சர்வீஸ் முடிந்த மறுநாள் சமயபுரத்தில் பூஜை போட்டபோது, பானெட்டைத் திறந்து நான்தான் கட்டினேன். கழற்ற மறந்துவிட்டேன்.

“பூசாரி” என்றேன்.

தோல் உரிந்த கையை அவன் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“அவருகிட்ட சொல்லுங்க. அடுத்த தடவ தள்ளிவிட ஆளு இருக்காது.”